கிரகண நாளில் கிடைத்த மண்டபம்

அன்வர் சாதிக் தன் வாழ்நாளில் செய்த வேலை ஒன்றே ஒன்றுதான். உட்கார்ந்து பார்ப்பது.

சவுதியில், ஜுபைலில் ஓர் எண்ணெய் ஆலையின் கன்ட்ரோல் ரூமில் இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்து, மீட்டர் முள் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்த்தார். முள் இருக்கவேண்டிய இடத்தில் இருந்தால் அவருக்குச் சம்பளம். ஐம்பது வயதில், போதும் என்று பெட்டியைக் கட்டிக்கொண்டு காரைக்குடிக்கு வந்து சேர்ந்தார். இனி மனைவி ஜன்னத்துல் பிர்தௌஸின் முகத்தைப் பார்த்துக்கொண்டு மீதி நாளைக் கழிப்பதாகத் திட்டம். எட்டு மாதம் கழித்தார். அதற்குள் பிர்தௌஸுக்கே அலுத்துவிட்டது. காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரு மனுஷர் அடுப்படி வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, பால் பொங்குகிறதா, சோறு குழைகிறதா என்று சொல்லிக்கொண்டே இருந்தால் எந்தப் பெண்ணுக்குத்தான் பொறுக்கும்? இவருக்கு ஒரு வேலை பார்த்துக் கொடுங்கள் என்று அவளே நாலு பேரிடம் சொல்லிவைத்தாள்.

வேலை கிடைத்தது. நிலாவைச் சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு விண்கலத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை.

விண்கலம் ஏதோ ஒரு வெளிநாட்டுக் கம்பெனியுடையது. அதைக் கண்காணிக்கும் ஒப்பந்தத்தை எடுத்த பெங்களூர்க்காரர்கள், வாடகை குறைவு என்பதால் செக்காலை ரோட்டில் ஒரு பாத்திரக்கடையின் மாடியைப் பிடித்திருந்தார்கள். கீழே எவர்சில்வர் அண்டா உருட்டும் சத்தம். மேலே ஆறு திரைகள், இரண்டு கடிகாரங்கள், ஒரு ஏ.சி. அறைக்குப் பொறுப்பு கீர்த்தி. நெற்குப்பை ஊர்ப் பெண், இருபத்தொன்பது வயது. நேர்முகத் தேர்வில் அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். திடீரென்று அலாரம் அடித்தால் முதலில் என்ன செய்வீர்கள் என்று.

"கையக் கட்டிக்கிட்டு ஒரு நிமிசம் பாப்பேன் மேடம்" என்றார் அன்வர்.

அதற்கு முன் வந்திருந்த பதினோரு பட்டதாரிகளும் ஏதேதோ பொத்தானை அமுக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். அன்வர் சாதிக் மறுநாளே வேலையில் சேர்ந்தார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஜுபைலில் இருந்த காலத்தில், முழு நிலா நாளான பிறை பதினாலு அன்று ஊருக்குப் போன் போடுவார். மொட்டைமாடிக்குப் போ பிர்தௌசு, நானும் இங்கே அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்பார். அவளும் போய்ப் பார்ப்பாள், அழுவாள். அந்தக் காலத்தில் அவர் நிலாவைப் பார்த்து மனைவியை நினைத்தார். இப்போது மனைவி பக்கத்திலேயே இருக்கிறாள். அவரோ நிலாவைப் பார்த்து, விண்கலத்தின் பேட்டரி எத்தனை சதவீதம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தார். அறையில் எல்லோரும் விண்கலத்துக்கு ஒரு நீண்ட ஆங்கிலப் பெயரைச் சொல்வார்கள். அன்வருக்கு அது வெறும் 'வண்டி'. பிர்தௌஸ் வைத்த பெயர் 'சக்களத்தி'. ஜமாத்தில் பதிவாகாத சக்களத்தி என்று அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள். சிரிப்புக்கு உள்ளே இருந்தது வேறு.

அன்வரின் தகப்பனார் மௌத்தாகி அடக்கமானபோது அவர் ஜுபைலில் இருந்தார். இரண்டு மகள்கள் பிறந்தபோதும் அங்கேதான். மூத்தவள் சனாவின் நிக்காஹுக்குக் கடைசி நேரத்தில் லீவை ரத்து செய்துவிட்டார்கள். பெண்ணைக் கைப்பிடித்துக் கொடுக்கவேண்டிய தகப்பன், தனக்குப் பதிலாக நின்று கொடுக்கும்படி போனில் தன் மச்சானுக்கு வக்காலத்துக் கொடுத்தார். ஸ்பீக்கரில் போட்டு ஊரே கேட்டது. 'என் மகள் சனாவை' என்றதும் லைன் அறுந்தது. மறுபடி போட்டார்கள். மறுபடியும் அதே இடத்தில் அறுந்தது. மூன்றாவது தடவை முழுதாக வந்தது. கூட்டத்தில் யாரோ கைதட்டியதாகப் பிர்தௌஸ் பிற்பாடு சொன்னாள். இளையவள் சப்ரினுக்கு அப்போது பன்னிரண்டு வயது. இவளுடைய நிக்காஹுக்கு மனுஷர் நேரில் நிற்கவேண்டும். பிர்தௌஸ் வாழ்க்கையில் கேட்டது இந்த ஒன்றைத்தான். நகை கேட்கவில்லை, ஃபாரின் சாமான் கேட்கவில்லை. ஆளைக் கேட்டாள்.

சப்ரினுக்கு இடம் கூடிவந்தது. காளையார்கோவில் அல்லாபிச்சையின் மகன் நியாஸ். ஷார்ஜாவில் கணக்கு வேலை, ஒரு மாத லீவு. அந்த மாதத்துக்குள் நிக்காஹ் முடியவேண்டும். அது வைகாசி. வைகாசியில் காரைக்குடியில் கல்யாண மண்டபம் கிடைப்பதென்றால், போன வைகாசியிலேயே துண்டு போட்டிருக்கவேண்டும். அன்வர் ஏழு மண்டபம் ஏறி இறங்கினார். எட்டாவது, ஊரிலேயே பெரியது. அங்கே மேனேஜர் ஈஸ்வரன் நோட்டைப் புரட்டிவிட்டு, வைகாசி பதினேழு, ஞாயிற்றுக்கிழமை, முழு நாளும் காலி என்றார்.

வைகாசி ஞாயிறு காலி. அன்வர் அதை ஆண்டவனின் கிருபை என்று நினைத்தார்.

"பாய், அன்னைக்கு நாளு உங்களுக்குப் பரவாயில்லையா?" என்று ஈஸ்வரன் கேட்டார்.

"எங்களுக்கு எல்லா நாளும் நல்ல நாளுதான் அண்ணே."

ஈஸ்வரன் நோட்டை மூடினார். வாடகையில் தானாகவே கொஞ்சம் குறைத்துக்கொண்டார். அப்போதாவது அன்வர் யோசித்திருக்கவேண்டும். அவர் யோசிக்கவில்லை. அட்வான்ஸைக் கட்டிவிட்டு, வழியில் பள்ளிவாசல் ஹஜ்ரத்தைப் பார்த்து, பிறை பதினாலு, அஸர் தொழுகை முடிந்ததும் ஐந்து மணிக்கு என்று சொல்லி, வீட்டுக்குப் போய் மைசூர்பாகுப் பெட்டியைப் பிர்தௌஸின் கையில் வைத்தார். அவள் வெகுநாளைக்குப் பிறகு அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

அறையில் கிழமை, தேதி எதுவும் புழங்காது. இரண்டு கடிகாரங்களில் ஒன்றுதான் இந்திய நேரம். மற்றது கிரீன்விச் நேரம். வேலையெல்லாம் அதில்தான். நாட்களுக்குப் பெயரில்லை, எண்தான். ஜனவரி முதல் தேதி ஒன்று, கடைசி நாள் முந்நூற்று அறுபத்தைந்து. சுவரில் ஒரு நீண்ட அட்டவணை. அதில் நூற்று ஐம்பத்தொன்றாம் நாளைச் சுற்றி, ஆறு மாதத்துக்கு முன்பே ஒரு சிவப்பு வட்டம் போட்டிருந்தது. அன்றைக்குச் சந்திர கிரகணம். விண்கலத்தின் வாழ்க்கையிலேயே மிக ஆபத்தான நாள். அந்த வட்டத்தைப் போட்டவர் அன்வர் சாதிக்.

கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்த அன்று, ஒரு பத்திரிகையைக் கீர்த்திக்கு வைத்தார். கீர்த்தி ஆங்கிலத் தேதியைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். எழுந்துபோய்ச் சிவப்பு வட்டத்தின்மேல் விரலை வைத்தாள்.

மண்டபத்தில் வைகாசி பதினேழு, ஹஜ்ரத்திடம் பிறை பதினாலு, அறையில் நூற்று ஐம்பத்தொன்று. ஒரே நாளை மூன்று பெயரில் மூன்று இடத்தில் கொடுத்துவிட்டு வந்திருந்தார். பூமியின் நிழல் நிலாவில் எத்தனை நொடியில் விழும் என்று தெரிந்து வைத்திருந்த மனுஷருக்கு, ஊரில் இத்தனை பேர் ஏன் அன்று கல்யாணம் வைக்கவில்லை என்று கேட்கத் தோன்றவில்லை.

கிரகணத்தன்று என்ன ஆபத்து என்பதைப் பிர்தௌஸுக்கு அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். வண்டி ஓடுவது சூரிய வெளிச்சத்தில். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு சுற்று. அதில் முக்கால் மணி நேரம் இருட்டு. அந்த இருட்டுக்கு வேண்டிய பேட்டரிதான் அதில் இருக்கிறது. கிரகணத்தன்று முக்கால் மணி நேர இருட்டு இரண்டே முக்கால் மணி நேரம் ஆகிவிடும். பேட்டரி தீர்ந்தால் வண்டி குளிரில் விறைத்துப்போகும். பிறகு எழுப்பவே முடியாது. அதனால் கருவிகளையெல்லாம் அணைத்துவிட்டு, ஹீட்டரை மட்டும் விட்டு, இரண்டு பேர் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கவேண்டும். இரண்டு பேர் என்பது ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் சட்டம்.

நிக்காஹும் அதே நாளில்தான் என்று அன்று ராத்திரி அவர் சொன்னதும் பிர்தௌஸ் சத்தம் போடவில்லை. கழுவிக்கொண்டிருந்த சட்டியைக் கவிழ்த்து வைத்தாள்.

"உங்க அத்தா மௌத்துக்கு நீங்க வரல. சனா நிக்காஹுக்குக் குரல் மட்டும் வந்துச்சு, அதுவும் அரைகுறையா. அது கடல் தாண்டி. இப்ப மண்டபம் இங்கேருந்து ரெண்டு கிலோமீட்டரு. இதுக்கும் போன்லதான் வாரீகளா?"

உள் அறையில் சப்ரினின் தையல் மிஷின் ஓடுவது நின்றுபோயிற்று.

தேதியை மாற்ற வழியில்லை. நியாஸுக்குத் திரும்ப டிக்கெட் போட்டாகிவிட்டது. கிரகணத்தை மாற்றவும் வழியில்லை. மிச்சமிருந்தது வேல்பாண்டி. அறையில் மூன்றாவது ஆள், எம்.எஸ்ஸி. இயற்பியல். ஞாயிற்றுக்கிழமைகளில் பள்ளிக்கூடங்களுக்குப் போய், பந்தையும் டார்ச்சையும் வைத்து, கிரகணம் என்பது வெறும் நிழல், பயப்பட ஒன்றுமில்லை என்று பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவன். பாய், உங்க ஷிஃப்டை நான் பார்க்கிறேன், நீங்க மாப்பிள்ளை கையைப் பிடிங்க என்று வாக்குக் கொடுத்தான். பிர்தௌஸ் அவன் வீட்டுக்கு ஒரு தூக்குச்சட்டி நிறைய நெய்ச்சோறு கொடுத்தனுப்பினாள்.

மூன்று நாள் இருக்கும்போது வேல்பாண்டி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான். அவன் மனைவிக்கு ஏழு மாதம். கிரகணத்தன்று வாயும் வயிறுமாக இருப்பவளைத் தனியாக விட்டுவிட்டுப் புருஷன் வெளியே போவதா என்று அவன் அம்மா கண்ணைக் கசக்கிவிட்டார்களாம். போவதும் போவது, அந்த நிலாவைக் கட்டிக்கொண்டு அழவா என்று கேட்டார்களாம்.

"நீதானேப்பா பந்த வச்சுப் பாடம் நடத்துற" என்றார் அன்வர்.

"அது ஊரான் வீட்டுப் பிள்ளைகளுக்கு, பாய். இது எங்க அம்மா."

இதற்கு இயற்பியலில் பதில் கிடையாது. அன்வர் தன் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். ஒரு நிமிடம் அல்ல, நாற்பது நிமிடம். ஜுபைலில் ஒருமுறை மின்சாரம் தடுமாறியபோது, பழைய சூப்பர்வைசர் ஒருவர் கன்ட்ரோல் ரூம் விளக்கையும் திரைகளையும் மொத்தமாக அணைக்கச் சொன்னது நினைவுக்கு வந்தது. பம்பு ஓடினால் போதும், நாம் பார்ப்பதற்காக அது சாகக்கூடாது என்றார் அந்த மனுஷர்.

எழுந்து கீர்த்தியிடம் போனார்.

"மேடம், வண்டி நமக்கு நெலவரம் சொல்லிக்கிட்டே இருக்குறதுக்கு எவ்வளவு கரண்டு செலவழிக்குது?"

கீர்த்தி எண்ணைச் சொன்னாள்.

"இருட்டுல தவிச்சுக்கிட்டு இருக்கையில நம்மகிட்டப் பேசச் சொல்லி ஏன் தொந்தரவு பண்ணணும்? டிரான்ஸ்மிட்டர அணைச்சுருவோம். வெளிச்சத்துக்கு வந்த பெறவு அதுவாவே போட்டுக்கிட்டுப் பேசட்டும்."

கீர்த்தி கணக்குப் போட்டாள். இரண்டு தடவை போட்டாள். பேசிக்கொண்டே போனால் பேட்டரி இருபத்துநான்கு சதவீதத்துக்கு இறங்கும். இருபத்தைந்துக்குக் கீழே அபாயம். வாயை மூடிக்கொண்டு போனால் முப்பத்தொன்றில் நிற்கும். பெங்களூரில் ஆறு பெரிய படிப்பாளிகள் நான்கு மாதமாகத் தேடிக்கொண்டிருந்த ஏழு சதவீதம். அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"நிக்காஹ் எத்தனை மணிக்கு, பாய்?"

"அஞ்சு மணிக்கு, மேடம்."

"வண்டி எத்தனை மணிக்கு வாய மூடணும்?"

"மூணு நாப்பதுலேருந்து ஆறு இருவத்தாறு வரைக்கும்."

கீர்த்தி திரையின் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரிப்பில் அவள் தோள் குலுங்கியது. பெங்களூருக்கு அவள் அனுப்பிய கடிதத்தில் மின்சேமிப்பு மட்டும்தான் இருந்தது. பெங்களூர் இரண்டு நாள் முனகியது. கண்காணிக்கக் காசு வாங்கிக்கொண்டு கண்ணை மூடிக்கொள்ளச் சொல்கிறீர்களே என்றது. கடைசியில் கணக்கின் முன் வாயை மூடியது. பார்ப்பதற்கு ஒன்றுமில்லாத நேரத்தில் பார்ப்பதற்கு இரண்டு பேர் தேவையில்லை என்று கீர்த்தியே ஒரு வரியைச் சேர்த்து அனுமதி வாங்கினாள். தான் ஒருத்தி உட்கார்ந்திருப்பதாகச் சொன்னாள்.

அன்வர் வாழ்நாளில் முதல்முறையாக, பார்க்கவேண்டியதைப் பார்க்காமல் இருப்பதற்கு வழி கண்டுபிடித்திருந்தார். டிரான்ஸ்மிட்டர் மறுபடி போடாவிட்டால்? குளிரில் அந்த ஸ்விட்ச் உறைந்துவிட்டால்? வண்டி செத்த நேரத்தில் அதைப் பார்த்துக்கொள்ளவேண்டியவன் பிரியாணி தின்றுகொண்டிருந்தான் என்று ஆகிவிடும். கீர்த்தி ஓர் ஏற்பாடு செய்தாள். ஆறு இருபத்தாறுக்குச் சிக்னல் வந்துவிட்டால் அவள் கூப்பிடமாட்டாள். வராவிட்டால் மட்டும்தான் கூப்பிடுவாள். போன் அடிக்காதவரை எல்லாம் நலம்.

பிர்தௌஸ் இதைக் கேட்டுவிட்டுக் கையை நீட்டினாள். அன்று முழுக்கப் போன் தன் கைப்பையில் இருக்கும் என்றாள். அன்வர் கொடுத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஊர் அடங்கிக் கிடந்தது. கோயில்கள் நடை சாத்தியிருந்தன. கடைகள் பாதி அடைத்திருந்தன. மண்டபத்தில் மட்டும் சீரியல் பல்பும் பிரியாணி வாசமும். மூன்று நாற்பதுக்கு வண்டிக்குக் கடைசிக் கட்டளை ஏற்றுக்கொள்ளப்பட்டதைப் பார்த்துவிட்டு, அன்வர் பைக்கில் வந்து இறங்கினார். மண்டபத்து அறையில் சட்டை மாற்றினார். அல்லாபிச்சை வந்து கட்டித் தழுவிக்கொண்டார். அஸருக்குப் பிறகு ஹஜ்ரத், கிரகணத்துக்கும் தொழுகை உண்டு, அதைப் பிற்பாடு தொழுதுகொள்ளலாம் என்று சொல்லிவிட்டுத் நிக்காஹ் பதியும் தப்தரை விரித்தார்.

ஐந்து ஐந்து. நியாஸின் வலது கை அன்வரின் கைக்குள் இருந்தது. ஹஜ்ரத் வாசகத்தைச் சொல்லிக் கொடுத்தார். அன்வரின் மனசு இரண்டு நொடி மேலே போய்விட்டது. நிலாவுக்கு நூறு கிலோமீட்டர் மேலே, இருட்டில், ஹீட்டரைக் கட்டிக்கொண்டு ஒரு வாயில்லாப் பிராணி போய்க்கொண்டிருப்பது தெரிந்தது. ஹஜ்ரத் லேசாக இருமினார். அன்வர் கீழே வந்தார்.

"என் மகள் சப்ரினை" என்றார்.

இந்தத் தடவையும் அதே இடத்தில்தான் லைன் அறுந்தது. ஆனால் அறுந்தது தொண்டையில். ஹஜ்ரத் காத்திருந்தார். எழுநூறு பேர் காத்திருந்தார்கள். திரைக்கு அந்தப் பக்கம், பெண்கள் கூட்டத்தில் ஒரு வளையல் சத்தம்கூட இல்லை. அன்வர் மாப்பிள்ளையின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஐந்து பவுன் மஹருக்கு உங்களுக்கு நிக்காஹ் செய்து கொடுத்தேன் என்று முடித்தார். நியாஸ் ஏற்றுக்கொண்டேன் என்றான். அந்தப் பக்கம் பிர்தௌஸ் முக்காட்டை முகத்தில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்ததாகச் சொன்னார்கள்.

அந்தி மஃரிபுத் தொழுகைக்கு முன்னால் பெண் கிளம்பவேண்டும். ஆறேகாலுக்குக் காரில் பூச்சரம் கட்டி வாசலில் நிறுத்தினார்கள். சப்ரின் புதுக் கருகமணியோடு வெளியே வந்தாள். அக்காவிடம் அழுதாள், அம்மாவிடம் அழுதாள். அத்தாவிடம் வரும்போது மணி ஆறு இருபத்தேழு. அன்வர் மண்டபத்துக் கடிகாரத்தை ஓரக்கண்ணால் பார்த்தார். ஒரு நிமிடம் கூடுதலாக ஆகியிருந்தது. போன் அடிக்கவில்லை. அவருக்கு மூச்சு வந்தது. மகளின் தலையில் கையை வைத்து துஆ ஓதத் தொடங்கினார்.

பிர்தௌஸின் கைப்பையில் போன் அடித்தது.

அன்வரின் கை மகளின் தலையில் அப்படியே நின்றது. பிர்தௌஸுக்கு ஏற்பாடு தெரியும். அடித்தால் என்ன அர்த்தம் என்று தெரியும். பையைத் திறந்தாள். பார்த்தாள். கீர்த்தியின் பெயர். இரண்டாவது தடவையும் அடித்தது. இருபத்திரண்டு வருடம் எந்தப் போனை வெறுத்தாளோ அதை அவளே கையில் எடுத்துக்கொண்டு வந்து நீட்டினாள்.

"எடுங்க. அதுக்கு ஏதோ ஆகிப்போச்சு போல."

அன்வர் போனைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். சப்ரின் கண்ணை மூடிக்கொண்டு தலையைக் குனிந்தபடி நின்றாள்.

"அடிக்கட்டும்" என்றார்.

விட்ட இடத்திலிருந்து துஆவை ஓதினார். அவசரப்படவில்லை. ஓதி முடித்து, மகளின் நெற்றியில் முத்தமிட்டு, காரின் கதவைத் தன் கையால் திறந்து அவளை உட்காரவைத்து, சேலைத் தலைப்பு கதவில் மாட்டாமல் உள்ளே எடுத்துவிட்டார். நியாஸிடம், ஏ.சி. அவளுக்கு ஒத்துக்காது மாப்பிள்ளை என்று சொன்னார். போன் மூன்றாவது தடவை அடித்து ஓய்ந்தது. கார் தெருமுனை திரும்பும்வரை நின்றார். மேலே ஏதோ ஒன்று செத்துவிட்டது என்று அவருக்குத் தெரியும். தன் யோசனையால்தான் செத்தது என்பதும் தெரியும். வேலை போகும், பேர் போகும். அந்தப் பத்து நிமிடமும் அத்தனையையும் தெரிந்துகொண்டே நின்றார். தெருமுனையைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை.

பிறகு போனை வாங்கி, கீர்த்தியைக் கூப்பிட்டார்.

"பாய், வந்துருச்சு" என்றாள் அவள். "சொன்ன நொடிக்கு வந்துருச்சு. பேட்டரி முப்பத்திரண்டு. சந்தோஷத்துல உடனே உங்களக் கூப்பிட்டேன். மூணாந்தடவை அடிக்கையிலதான், வந்தா கூப்பிடக்கூடாதுன்னு பேசினது ஞாபகம் வந்துச்சு. பயந்துட்டீங்களா?"

இல்லை மேடம் என்று சொல்லி வைத்துவிட்டு, அன்வர் வாசல்படியில் உட்கார்ந்தார். பிர்தௌஸ் பக்கத்தில் வந்து நின்றாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. என்னவாம் என்று கேட்டாள். ஒன்றுமில்லை, வண்டி நன்றாக இருக்கிறதாம், மேடம் சந்தோஷத்தில் கூப்பிட்டார்களாம் என்றார். தான் எதை விட்டுவிட்டு மகள் பக்கத்தில் நின்றேன் என்பதை இவள் இப்போதாவது புரிந்துகொண்டிருப்பாள், ஒரு வார்த்தை சொல்லுவாள் என்று அந்த மனுஷருக்கு ஓர் ஆசை. முப்பது வருடத்து ஆசை.

பிர்தௌஸ் முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். பிறகு சொன்னாள்.

"அப்ப மொதத் தடவையே எடுத்திருக்கலாம்ல? பாவம், அந்தப் புள்ள ஒத்தையில உக்காந்து எம்புட்டுத் தவிச்சிருக்கும். கிரகணம்னு காலையிலேருந்து பச்சத்தண்ணி பல்லுல பட்டிருக்காது. எந்திரிங்க, ஒரு தூக்குல சோறு போட்டுத் தாரேன், கொண்டுபோய்க் குடுங்க. ஏன், கல்லாட்டம் உக்காந்திருக்கீக?"

அன்வர் சாதிக் தொழுதுவிட்டு, கல்யாணச் சட்டையோடு, தூக்குச்சட்டியை பைக்கில் மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார்.